ஹெல்தி பர்கர் கடையில் பேக்கன் சீஸ்பர்கர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"உடம்புக்கு நல்ல பர்கர்" என்று சொல்லி விற்கும் கடைகள் அமெரிக்காவில் புதிதல்ல. ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் 1990-களிலேயே எவோஸ் என்ற கடை, உருளைக்கிழங்கை எண்ணெயில் முக்காமல் சூடான காற்றில் வறுத்து 'ஏர்ஃப்ரைஸ்' என்று விற்றது. 2005-ல் வர்ஜீனியாவில் எலிவேஷன் பர்கர் வந்தது. அங்கே ஆர்கானிக் மேய்ச்சல் மாட்டுக்கறி, ஆலிவ் எண்ணெயில் பொரித்த ஃப்ரைஸ். 2009-ல் நியூயார்க்கின் க்வீன்ஸ் பகுதியில் பேர்பர்கர் தொடங்கியது. மாட்டுக்கறி பிடிக்காதா, பைசன் என்ற காட்டெருதின் கறி இருக்கிறது, காய்கறி பேட்டி (பன்னுக்குள் வைக்கும் வட்டத் தட்டை) இருக்கிறது என்று பட்டியல் நீண்டது. இவர்களைப் பார்த்து ஊருக்கு ஊர் சின்னச் சின்னக் கடைகளும் முளைத்துவிட்டன.

இந்த மாதிரிக் கடைகளில் எதற்குப் போனாலும் பேக்கன், அதாவது பதப்படுத்திய பன்றிக்கறிக் கீற்று, வைத்த சீஸ்பர்கர் இருக்கும். அது இல்லாமல் அமெரிக்காவில் பர்கர் கடை நடத்துவது கஷ்டம். 1963-ல் மிச்சிகன் மாநிலம் லான்சிங்கில் தங்கள் கடையில்தான் அது பிறந்தது என்று ஏ அண்ட் டபிள்யூ நிறுவனம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. அது எங்கே பிறந்திருந்தாலும் சரி, இன்று அமெரிக்கர்களுக்கு அது ஒரு நியாயமான எதிர்பார்ப்பு. ஹெல்தி கடைக்காரரும் வைத்துத்தான் ஆகவேண்டும்.

இங்கே ஆர்டர் செய்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இரண்டு பக்கமாக. ஒன்று, பலகையில் எழுதியிருப்பதை நம்பி, இது லேசான சாப்பாடு என்று எடுத்துக்கொள்வது. மற்றது, குற்ற உணர்வில் பர்கரைப் பிய்த்துப் பிய்த்து, கடைசியில் பேக்கனும் இல்லாத சீஸும் இல்லாத ஏதோ ஒன்றுக்குப் பதினைந்து டாலர் கொடுப்பது. என் கட்சி இதுதான்: பர்கரில் கை வைக்காதீர்கள், அதைச் சுற்றி வரும் சமாச்சாரங்களில் கை வையுங்கள். ஏன் என்பதற்குக் கணக்கு கீழே இருக்கிறது.

பலகை பேசுவது மாட்டைப் பற்றி

கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படும் வார்த்தைகள்: கிராஸ்-ஃபெட், ஆர்கானிக், ஆண்டிபயாடிக் இல்லை, ஹார்மோன் இல்லை, நேச்சுரல். இவற்றில் சில கனமானவை, சில வெறும் காற்று. ஆனால் ஒன்றுகூட உங்கள் தட்டில் எத்தனை கலோரி என்று சொல்வதில்லை. அவை பேசுவதெல்லாம் மாடு எப்படி வளர்ந்தது என்பதைப் பற்றித்தான்.

கிராஸ்-ஃபெட் என்பதை எடுத்துக்கொள்வோம். எல்லா மாடும் வாழ்க்கையின் ஏதோ ஒரு கட்டத்தில் புல் தின்றதுதான். அமெரிக்காவில் பெரும்பாலான மாடுகளைக் கடைசிச் சில மாதங்கள் அடைத்துவைத்து, மக்காச்சோளம் கலந்த தீனி போட்டுக் கொழுக்கவைக்கிறார்கள். அந்தக் கடைசிக் கட்டமும் புல்லிலேயே கழிந்ததா என்பதுதான் கேள்வி. வேளாண் துறையின் சந்தைப்படுத்தல் பிரிவு இதற்கென வைத்திருந்த வரையறையை 2016 ஜனவரியில் விலக்கிக்கொண்டது. ஆகவே கவுன்ட்டரில் கேட்க வேண்டியது "கிராஸ்-ஃபெட்டா?" என்றல்ல, "கிராஸ்-ஃபினிஷ்டா?" என்று. பதில் சொல்லத் தெரிந்த கடை என்றால் கறி எங்கிருந்து வருகிறது என்றும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மேய்ச்சல் மாட்டுக்கறியில் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு கூடுதல் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு துண்டு சால்மன் மீனில் கிடைப்பதோடு வைத்துப் பார்த்தால் அது சொற்பம். ஒமேகா-3-க்காக பேக்கன் சீஸ்பர்கர் சாப்பிடுகிறேன் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஆர்கானிக் முத்திரைக்குச் சட்டப் பின்பலம் உண்டு. தீனி ஆர்கானிக்காக இருக்க வேண்டும். ஆண்டிபயாடிக்கோ வளர்ச்சி ஹார்மோனோ கூடாது. ஆண்டுக்குக் குறைந்தது 120 நாள் மேய விட வேண்டும். இதற்காகக் கூடுதல் காசு கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். 'நேச்சுரல்' அப்படியல்ல. இறைச்சியில் அந்த வார்த்தைக்கு, செயற்கைச் சேர்மானம் இல்லை, அதிகம் பதப்படுத்தவில்லை என்று மட்டுமே பொருள். மாடு எப்படி வளர்ந்தது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எல்லாவற்றிலும் வேடிக்கையானது "ஹார்மோன் இல்லாத பேக்கன்". அமெரிக்காவில் பன்றிக்கும் கோழிக்கும் வான்கோழிக்கும் வளர்ச்சி ஹார்மோன் கொடுக்கவே சட்டம் அனுமதிப்பதில்லை. பக்கத்து மலிவுக் கடையின் பேக்கனும் ஹார்மோன் இல்லாததுதான். அந்த வரிக்காக ஒரு டாலர் கூடுதலாக வாங்கினால் அது வியாபாரத் திறமை, அவ்வளவுதான்.

ஒரு பர்கரைப் பிரித்துக் கூட்டிப் பார்த்தால்

சாதாரண ஒற்றை பேக்கன் சீஸ்பர்கர் ஒன்றை எடுத்து உதிரி உதிரியாகக் கணக்குப் போடுவோம். கடைக்குக் கடை கொஞ்சம் மாறும், ஆனால் சித்திரம் மாறாது.

பச்சையாக 113 கிராம், அதாவது கால் பவுண்டு கொத்துக்கறி, 20 சதவீதம் கொழுப்புள்ளது. வெந்தபின் சுமார் 85 கிராம் நிற்கும். அதில் ஏறக்குறைய 230 கலோரி, 6 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. பன் ஒரு 170 கலோரி. செடார் சீஸ் ஒரு துண்டு, 28 கிராம் என்றால் 115 கலோரி, ஐந்தரை கிராம் நிறைவுற்ற கொழுப்பு. மொறுமொறுப்பாக வறுத்த பேக்கன் இரண்டு கீற்று, கிட்டத்தட்ட 90 கலோரி. மயோனைஸ் ஒரு மேசைக்கரண்டி, 95 கலோரி. வெங்காயம், தக்காளி, லெட்யூஸ், ஊறுகாய் வெள்ளரிக்கு எல்லாம் சேர்த்து ஒன்றும் பெரிதாக இல்லை. மொத்தம் 700.

ஒரு நேரச் சாப்பாட்டுக்கு 700 கலோரி என்பது பயப்பட வேண்டிய எண் அல்ல. நிறைவுற்ற கொழுப்புதான் கொஞ்சம் இடிக்கும். எல்லாம் கூட்டினால் 15, 16 கிராம் வரும். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நாள் முழுவதற்கும் அமெரிக்க லேபிள்கள் வைத்திருக்கும் அளவு 20 கிராம். சோடியமும் சும்மா இருக்காது. பன், சீஸ், பேக்கன், ஊறுகாய், கெட்சப், கறிமேல் தூவும் உப்பு எல்லாம் சேர்ந்து 1200, 1300 மில்லிகிராமைச் சுலபமாகத் தொடும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சொல்லும் உச்சம் 2000.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனித்தீர்களா? இரண்டு கீற்று பேக்கனும் ஒரு கரண்டி மயோனைஸும் கலோரியில் ஏறக்குறைய சமம். ஆனால் "கொஞ்சம் ஹெல்தியாகச் சாப்பிடலாம்" என்று நினைப்பவர் முதலில் கழற்றுவது பேக்கனைத்தான். மயோனைஸ் அப்படியே இருக்கும், சில சமயம் கூடுதலாகவும் வரும். பேர் மட்டும் 'ட்ரஃபிள் அயோலி', 'சிபோட்லே சாஸ்', 'ஹவுஸ் சாஸ்' என்று மாறியிருக்கும். இவற்றில் முக்கால்வாசி மயோனைஸில் பூண்டோ மிளகாயோ கலந்ததுதான். பேக்கன் சீஸ்பர்கர் வேண்டும் என்றுதானே வந்தீர்கள்? பேக்கனை வைத்துக்கொண்டு சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். தொட்டுக்கொண்டு சாப்பிட்டால் பாதிதான் செலவாகும்.

அவகாடோவும் அப்படித்தான். அதிலிருப்பது நல்ல கொழுப்பு, சரி. ஆனால் 100 கிராமுக்கு 160 கலோரி. மயோனைஸுக்குப் பதிலாகப் போட்டால் புத்திசாலித்தனம். பேக்கன், சீஸ், மயோனைஸ் எல்லாவற்றுக்கும் மேலே "ஹெல்திக்காக" ஒரு அவகாடோ என்றால் அது இன்னொரு சாஸ், அவ்வளவே.

இரட்டை என்று தெரியாமலே இரட்டை

மெனுவில் வெறும் "பர்கர்" என்று போட்டிருப்பது ஒற்றைப் பேட்டி என்று எண்ணிவிடக் கூடாது. ஃபைவ் கைஸில் சாதாரண பேக்கன் சீஸ்பர்கர் என்றாலே இரண்டு பேட்டி; ஒன்று வேண்டுமானால் 'லிட்டில்' என்று கேட்க வேண்டும். ஹெல்தி கடைகளும் இதற்கு விதிவிலக்கல்ல. எலிவேஷன் பர்கரின் பெயர் சொல்லும் பர்கரிலேயே இரண்டு பேட்டி. அதே கடையில் 'வெர்டிகோ' என்ற பெயரில் பத்துப் பேட்டி வரை அடுக்கிக் கொடுத்த வரலாறும் உண்டு. ஆர்கானிக் பத்து என்றாலும் பத்து பத்துதான்.

மேலே போட்ட கணக்கில் இன்னொரு பேட்டியும் இன்னொரு சீஸும் சேர்த்தால் 345 கலோரி கூடி ஆயிரத்தைத் தாண்டிவிடும். நிறைவுற்ற கொழுப்பு 27 கிராமுக்குப் போகும். பர்கரில் ஒரே ஒரு முடிவுதான் எடுக்க முடியும் என்றால் இதை எடுங்கள். பன்னை எடுப்பதா, பேக்கனை எடுப்பதா என்ற கவலையெல்லாம் இதற்கு முன்னால் சில்லறை.

கலோரி போர்டு இருந்தால் பார்த்துவிடலாமே என்றால், எல்லாக் கடையிலும் இருக்காது. 2018 மே மாதம் முதல் கலோரியை மெனுவில் போடச் சொல்லும் அமெரிக்கச் சட்டம் 20 கிளைகளும் அதற்கு மேலும் உள்ள சங்கிலிக் கடைகளுக்குத்தான். மூன்று கிளை வைத்திருக்கும் அழகான ஹெல்தி கடை ஒன்றும் போடாமல் இருக்கலாம். அது சட்ட மீறலும் இல்லை. போட்டிருக்கும் இடத்திலும் படிக்கத் தெரிய வேண்டும். இரண்டு எண்களுக்கு நடுவே சாய்கோடு இருந்தால் இரண்டு தேர்வுகள்; இடையே சிறு கோடு போட்டு '850–1400' என்று இருந்தால் நீங்கள் எதைச் சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்த எல்லைக்குள் எங்கு வேண்டுமானாலும் போகும். எல்லோர் கண்ணும் போவது முதல் எண்ணுக்கு. கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவதற்குப் பக்கத்தில். கொழுப்பு, சோடியம் விவரம் எழுத்தில் வேண்டும் என்று கேட்டால் அந்தச் சங்கிலிக் கடைகள் கொடுத்தாக வேண்டும். வரிசையில் நின்றுகொண்டு கேட்கக் கூச்சமாக இருந்தால் அவர்கள் தளத்தில் முன்பே பார்த்துவிட்டுப் போகலாம்.

'அன்க்யூர்ட்' பேக்கன்

பலரும் ஏமாறும் இடம் இது, படித்தவர்களும்தான். பேக்கன் என்பது பன்றியின் வயிற்றுப் பகுதியை உப்பும் நைட்ரைட்டும் சேர்த்து ஊறவைத்து, புகையில் வாட்டி எடுப்பது. அந்த இளஞ்சிவப்பு நிறமும் தனி வாசனையும் நைட்ரைட்டால் வருபவை. கெடுதி செய்யும் நுண்ணுயிர்களையும் அது அடக்கும். ஹெல்தி கடையில் "அன்க்யூர்ட், நைட்ரைட் சேர்க்காதது" என்று எழுதியிருப்பார்கள். பாக்கெட்டைத் திருப்பினால் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருக்கும்: "செலரிப் பொடியில் இயற்கையாக உள்ளதைத் தவிர."

செலரி ஒரு தண்டுக்கீரை, அதில் நைட்ரேட் ஏராளம். அதைப் பொடியாக்கி, ஒரு பாக்டீரியாவைக் கொண்டு நைட்ரைட்டாக மாற்றி, கறியில் சேர்க்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தாலும் செலரியிலிருந்து வந்தாலும் மூலக்கூறு ஒன்றே. நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2019-ல் சாண்ட்விச் இறைச்சி வகைகளைச் சோதித்தபோது, அன்க்யூர்ட் என்று விற்றதிலும் மற்றதிலும் நைட்ரேட், நைட்ரைட் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இதில் இன்னொன்று. வழக்கமான பேக்கனில் எவ்வளவு நைட்ரைட் போடலாம் என்பதற்கு வரம்பு வைத்து, வைட்டமின் சி குடும்பத்துச் சேர்மம் ஒன்றையும் கூடவே சேர்க்கச் சொல்கிறது சட்டம். கொதிக்கும் கல்லில் வறுபடும்போது நைட்ரோசமைன் என்ற கெட்ட பொருள் உருவாவதைக் குறைக்கத்தான் அந்த ஏற்பாடு. பேக்கனைக் கரியாக்கித் தரச் சொல்லாதீர்கள் என்று சொல்வதற்கும் இதுவே காரணம். பழுப்பு போதும், கறுப்பு வேண்டாம்.

பேக்கன் புற்றுநோய் தரும் என்ற செய்தியையும் ஒருமுறை சரியாகப் படித்துவிடுவது நல்லது. 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில் வைத்தது. சிகரெட்டும் அதே பிரிவில் இருப்பதால் "பேக்கனும் சிகரெட்டும் ஒன்று" என்று தலைப்புகள் ஓடின. அந்தப் பிரிவு சொல்வது ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதை; ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் தந்த எண். நூற்றில் 18 பேருக்கு வரும் என்று அதற்குப் பொருள் இல்லை; ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பு அந்த விகிதத்தில் ஏறும். மெல்லிய கீற்று வறுத்தபின் 8 கிராம்தான் தேறும். இரண்டு கீற்று 16 கிராம். எப்போதாவது ஒரு நாள் சாப்பிடுகிறவருக்கு இது தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம் அல்ல. தினமும் காலையில் பேக்கன், மதியம் ஹாம், இரவு சாசேஜ் என்று ஓடுகிறவர் யோசிக்க வேண்டும். அதில் 'அன்க்யூர்ட்' முத்திரை அவரைக் காப்பாற்றாது.

வான்கோழி பேக்கன்? கலோரி கொஞ்சம் குறையும். சோடியம் கிட்டத்தட்ட அதே. அதுவும் பதப்படுத்திய இறைச்சியே. மதக் காரணத்துக்காகப் பன்றியைத் தவிர்ப்பவருக்கு அது நல்ல வழி. ஆரோக்கியத்துக்காக என்றால் ருசியை இழந்ததுதான் மிச்சம் என்பது என் அபிப்பிராயம்.

பிய்த்தெடுக்கும் தவறு

"பன் வேண்டாம், லெட்யூஸில் சுற்றிக் கொடுங்கள், சீஸ் பாதி, கறி நன்றாக வெந்திருக்கட்டும், எண்ணெயே தொடக் கூடாது." இப்படி ஆர்டர் செய்பவருக்குக் கிடைப்பது என்னவென்று பார்ப்போம்.

மேய்ச்சல் மாட்டுக்கறியில் பொதுவாகக் கொழுப்பு குறைவு. கொழுப்பு குறைந்த கறியில் நீர் வற்றியதும் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இருக்காது. தவிடு மாதிரி உதிரும். இந்தக் கடைகளில் பேக்கனும் சீஸும் வெறும் ஆடம்பரமல்ல, அந்தக் கறிக்கு இல்லாத ஈரத்தைக் கொடுப்பவை அவை. கல்லில் வேலை தெரிந்தவர் செய்வதைக் கவனித்தால் புரியும். பேட்டியைத் திருப்பிப் போட்டவுடன் மேலே இரண்டு கீற்று பேக்கனைக் குறுக்கும் நெடுக்குமாக வைக்கிறார். அதன்மேல் சீஸ். பக்கத்தில் கல்லில் சிறிது தண்ணீர் தெளித்து, ஒரு எஃகுக் கிண்ணத்தைக் கவிழ்க்கிறார். அரை நிமிட ஆவியில் சீஸ் உருகி வழிந்து, பேக்கனைக் கறியோடு சேர்த்து ஒட்டிவிடுகிறது. இப்படி ஒட்டிய பேக்கன் முதல் கடியில் முழுசாக உருவிக்கொண்டு வராது. பாதி சீஸ் கேட்டால் இந்த ஒட்டுதல் கிடைக்காது, அப்புறம் பேக்கன் ஒரு பக்கம், கறி ஒரு பக்கம்.

லெட்யூஸில் சுற்றுவது 170 கலோரி மிச்சம் பிடிக்கும், மாவுச்சத்தைக் குறைக்க வேண்டியவர்களுக்கு அது நியாயமான வழி. அப்படி வாங்கினால் ஐஸ்பெர்க் லெட்யூஸா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய இலை என்றால் சூடான கறி பட்டதும் துவண்டு, சாறு முழங்கைவரை ஓடும். ஆனால் பன்னைக் கழற்றிவிட்டு, "அதுதான் பன் இல்லையே" என்று பெரிய ஃப்ரைஸ் வாங்குவது, தள்ளுபடியில் நூறு ரூபாய் மிச்சம் என்று சொல்லி இரண்டாயிரத்துக்கு இன்னொரு புடவை எடுப்பது போல.

கோதுமை பன் பழுப்பாக இருப்பதால் முழுத்தானியம் ஆகிவிடாது. நிறம் வெல்லப்பாகாலும் வரும். க்ளூட்டன் என்ற கோதுமைப் புரதம் இல்லாத பன்னும் கலோரி குறைந்தது அல்ல. அரிசி மாவு, மரவள்ளி மாவு என்று அதுவும் மாவுதான். சீலியாக் போல, க்ளூட்டன் ஒத்துக்கொள்ளாத நோய் உள்ளவருக்குத்தான் அது அவசியம். அவர் கேட்க வேண்டிய கேள்வி பன்னைப் பற்றி மட்டும் அல்ல: அதை எந்தக் கல்லில் வாட்டுகிறார்கள், ஃப்ரைஸ் பொரிக்கும் எண்ணெயில் மாவு முக்கிய வெங்காய வளையமும் போகிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

உண்மையான செலவு பக்கத்துத் தட்டில்

பர்கர் 700 என்றோம். ஃப்ரைஸ் ஒரு சாதாரணப் பங்கு 350 முதல் 500 வரை போகும். மில்க்‌ஷேக் அதைவிட மேலே. ஆக பர்கரை எவ்வளவு செதுக்கினாலும் பக்கத்தில் வைப்பதுதான் மொத்தத்தைத் தீர்மானிக்கிறது.

ஆலிவ் எண்ணெய் ஃப்ரைஸ் நல்ல சரக்குதான், ஆனால் எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரி. சர்க்கரைவள்ளி ஃப்ரைஸில் வைட்டமின் ஏ உண்டு, எண்ணெயும் அதே அளவு உண்டு. சாலட் வாங்கி ரான்ச் ட்ரெஸ்ஸிங்கைக் கிண்ணத்தோடு கவிழ்த்தால் இரண்டு மேசைக்கரண்டிக்கு 130 கலோரி.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் செர்னெவ் 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தக் கடைகளுக்காகவே செய்தது மாதிரி இருக்கும். சிலரிடம் ஹாம்பர்கர் ஒன்றைக் காட்டி எவ்வளவு கலோரி இருக்கும் என்று கேட்டார்கள். வேறு சிலரிடம் அதே ஹாம்பர்கரோடு மூன்று செலரித் துண்டுகளையும் காட்டிக் கேட்டார்கள். செலரியோடு பார்த்தவர்கள் சொன்ன எண் குறைவு! கூட ஒரு பொருள் சேர்ந்ததும் மொத்தம் குறைந்துவிட்டது. எடையைப் பற்றி அதிகம் கவலைப்படுபவர்களிடம் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதலாக இருந்தது. ஹெல்தி கடையின் சுவரில் தொங்கும் பசும்புல் படம், மரமேசை, பழுப்புக் காகிதம் எல்லாம் அந்த மூன்று செலரித் துண்டு செய்யும் வேலையையே செய்கின்றன.

அதனால் பர்கரை முழுதாக வாங்குங்கள், ஃப்ரைஸை இருவருக்கு ஒன்று என்று பகிருங்கள், குடிக்கத் தண்ணீரோ இனிப்பில்லாத ஐஸ் டீயோ போதும். ஷேக் வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒரு நாள் போகலாம்.

நல்ல கறி என்பதால் உள்ளே சிவப்பாக இருக்கலாமா?

"எங்கள் கறி தரமானது, மீடியம் ரேராகச் சாப்பிடுங்கள்" என்று சில கடைகளில் சொல்வார்கள். ஸ்டேக்குக்குச் சரி. முழுத்துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும். மேலே சூடு பட்டால் தீர்ந்தது. கொத்தும்போது அந்த மேற்பரப்பு உள்ளே போய்விடுகிறது. அதனால்தான் அமெரிக்க வேளாண் துறை, முழுத்துண்டு மாட்டுக்கறிக்கு 63 டிகிரி செல்சியஸும் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்கிறது. கொத்துக்கறிக்கு 71 டிகிரி, வான்கோழி, கோழிக்கு 74.

1993-ல் ஜாக் இன் த பாக்ஸ் கடைகளின் சரியாக வேகாத பர்கர்களால் இ-கோலை கிருமி பரவி, எழுநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்று, நான்கு குழந்தைகள் இறந்துபோனார்கள். அமெரிக்க இறைச்சிப் பாதுகாப்பு விதிகள் கடுமையானதே அதற்குப் பிறகுதான். புல் தின்ற மாட்டின் குடலிலும் இந்தக் கிருமி இருக்கும். ஆர்கானிக் என்பது கிருமி நீக்கம் அல்ல. நிறத்தை நம்புவதும் தவறு: 71-ஐத் தொடும் முன்பே பழுப்பாகிவிடும் கறி உண்டு, தொட்ட பின்னும் இளஞ்சிவப்பாக நிற்கும் கறி உண்டு. வெப்பமானி ஒன்றே சாட்சி, அது இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை. குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள் இதில் விஷப்பரீட்சை செய்யவே வேண்டாம்.

முழுக்க வெந்தும் சாறு குறையாமல் வேண்டுமா? கல்லில் அழுத்தி மெல்லியதாகச் சுடும் ஸ்மாஷ் பேட்டியைக் கேளுங்கள். ஓரம் முறுகும், இரண்டு மூன்று நிமிடத்தில் உள்ளும் வெந்துவிடும்.

காய்கறி பேட்டியும் ஒரே கல்லும்

இந்தக் கடைகளின் பெரிய வசதி, மாட்டுக்கறி சாப்பிடாதவருக்கும் இடம் இருப்பது. ஆனால் பைசனை வேறு விலங்கு என்று தைரியமாக வாங்கும் முன், அது மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததே என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு குறைவு என்பது மட்டும் அதில் நிஜம்.

இம்பாசிபிள், பியாண்ட் போன்ற தாவரப் பேட்டிகள் 2016 முதல் சந்தையில் இருக்கின்றன. கொலஸ்ட்ரால் கிடையாது, நார்ச்சத்து உண்டு. ஆனால் இம்பாசிபிள் பேட்டி ஒன்றில் 370 மில்லிகிராம் சோடியம். அதே எடைப் பச்சைக் கொத்துக்கறியில் இயல்பாக இருப்பது 75 அளவுதான். அதன்மேல் பேக்கனையும் சீஸையும் போட்டுவிட்டு "வெஜ் பர்கர்தானே" என்பது வேடிக்கை.

சைவர்களும் முஸ்லிம் வாசகர்களும் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பேக்கன் வறுக்கும் கல்லும் மற்றவை சுடும் கல்லும் ஒன்றா? பெரும்பாலான சிறிய கடைகளில் ஒன்றுதான். வான்கோழி பேக்கனும் காய்கறி பேட்டியும் பன்றிக் கொழுப்பு ஓடிய அதே இடத்தில் புரளும். "தனிச் சட்டியில் செய்து தர முடியுமா, கரண்டியை மாற்றுவீர்களா" என்று நேராகக் கேட்டால், கூட்டம் இல்லாத நேரத்தில் பலர் மறுப்பதில்லை. பகல் பன்னிரண்டரைக்கு வரிசை வாசல்வரை நிற்கும்போது கேட்டால் தலையாட்டுவார்கள். செய்தார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

பார்சல் வாங்கினால்

மூடிய பெட்டிக்குள் பதினைந்து நிமிடம் ஆவியில் இருந்தால் மொறுமொறுப்பான பேக்கன் தோலாகிவிடும், பன்னின் அடிப்பகுதி ஊறிப் பிரியும். தக்காளி, லெட்யூஸ், சாஸ் மூன்றையும் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், காரில் ஏறியதும் பெட்டி மூடியை ஓரமாகத் திறந்து வையுங்கள். வீட்டுக்கு வந்து ஆறியிருந்தால் முழுப் பர்கரையும் மைக்ரோவேவில் தள்ளாமல் பிரித்துவிடுங்கள். பேக்கன் காய்ந்த சட்டியில் ஒரு நிமிடம், அது விட்ட கொழுப்பிலேயே பன்னின் வெட்டிய பக்கம், கடைசியாகக் கறியும் சீஸும் மூடி போட்டு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடந்தது என்றால் சூடாக்கும் யோசனையை விட்டுவிட்டுக் குப்பையில் போட்டுவிடுங்கள், என்ன விலை கொடுத்திருந்தாலும்.